நூற்றிருபது

எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த உடையவர் ராமானுஜர் 120 வயது வாழ்ந்தார் என்பார்கள். பிரீமியம் கட்டாமலே வாழ்ந்தார் என்பதுதான் இப்போது எனக்குப் பெரிய அதிசயம்.

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி பிரஸ் ஷாப்பில் 14 வருஷம் தகடு நசுக்கிவிட்டு, 58 வயதில் ரிட்டயர் ஆனேன். போட்ட சால்வை மடிப்புக் கலைவதற்குள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்துவிட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் அஞ்சு லட்சம் கவரேஜ், வருஷத்துக்கு 38,000 சொச்சம்தான் சார். 18 சதவீத ஜிஎஸ்டியையும் 2025 செப்டம்பர்ல எடுத்துட்டாங்க!"

என் பிஎஃப் பென்ஷன் மாதம் 2,500. வருஷம் முழுக்கச் சாப்பிடாமல் சேர்த்தாலும் 8,000 துண்டு விழுந்தது.

"சர்க்கரை இருக்கா சார்?"

"இருக்கு."

"அப்ப அதுக்கு மூணு வருஷம் வெயிட்டிங். முன்னாடி நாலு, 2024-ல குறைச்சிட்டாங்க."

"அதைச் சர்க்கரைகிட்ட யாரு சொல்றது?" என்றாள் மனைவி, காபியை வைத்தபடி.

அடுத்து, 2009-ல் தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். சான்றிதழுக்காக விசாரிக்க வந்த விஏஓ, வாசலில் நின்ற புது பைக்கைப் பார்த்தார்.

"பையனோடது சார்."

"பையன் உங்க ரேஷன் கார்டுலதானே இருக்கான்?"

அவர் போனதும் மனைவி, "பேசாம அவனைத் தனிக்குடித்தனம் வெச்சிடலாமாங்க?" என்றாள். மூன்று வருஷமாக மருமகள் கேட்டு நடக்காத காரியம், ஒரு காப்பீட்டு அட்டைக்காக ஒரே நிமிஷத்தில் பரிசீலனைக்கு வந்தது.

மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து, 70 வயதானால் வருமானமே பார்க்காமல் அஞ்சு லட்சம். இன்னும் 12 வருஷம் உடம்பைக் கெடாமல் வைத்திருந்தால், அதற்குப் பிறகு கெட்டால் பார்த்துக்கொள்வார்கள்.

இந்தக் கணக்கோடு ஒரகடம் கூட்டுரோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, பழைய ஸ்டோர் கீப்பர் கேட்டார்: "உனக்குக் கடைசி வரைக்கும் இஎஸ்ஐ பிடிச்சாங்களா?"

பிடித்தார்கள். அது என் தீராத மனக்குறை. மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ கிடையாது. என் இன்கிரிமென்ட் ஒவ்வொரு வருஷமும் அந்தக் கோட்டைத் தொடாமல் பிரேக் போட்டு, 20,900-ல் வந்து நின்றுவிட்டது. அதில் முக்கால் சதவீதம், மாதம் 157 ரூபாய், இஎஸ்ஐக்குப் போகும்.

"அஞ்சு வருஷம் இஎஸ்ஐயில இருந்துட்டு ரிட்டயர் ஆனா, வருஷத்துக்கு 120 ரூபா கட்டினாப் போதும்ப்பா. உனக்கும் உன் வீட்டுக்காரம்மாவுக்கும் வைத்தியம் உண்டு."

"மாசத்துக்கா?"

"வருஷத்துக்கு!"

மாதம் பத்து ரூபாய். கையில் இருந்த டீ அதைவிட விலை அதிகம். டிஸ்பென்சரியில் வரிசையில் நிற்க வேண்டும்தான். ஷிப்டு பஸ்ஸுக்கு 14 வருஷம் நின்ற காலுக்கு அது புதுசா? ஏஜென்ட் இதை ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். 120 ரூபாயில் அவருக்குக் கமிஷன் என்ன தேறும், பாவம்.

திருக்கோஷ்டியூரில், குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைக் கோபுரம் ஏறி ஊருக்கே சொன்னவர் உடையவர். எனக்குக் கோபுரம் ஏற மூட்டு ஒத்துழைக்காது. மறுநாள் அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, செட்டு முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

எல்லோரும் விரல்விட்டு வருஷம் எண்ணினார்கள். ஒருவர் மட்டும் எண்ணவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷமே சம்பள வரம்பைத் தாண்டி, "இனிமே எனக்கு இஎஸ்ஐ கிடையாதுடா!" என்று லைன் முழுக்கப் பிரியாணி வாங்கிக் கொடுத்தவர் அவர். இரண்டு பிளேட் சாப்பிட்டவன் நான்.

அன்று அவருடைய டீக்கும் நானே காசு கொடுத்தேன்.