ஒரே வீடு, இரண்டு விலை

கலிபோர்னியாவில் ஒரே வீட்டுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கக் கோடீஸ்வரராக இருக்க வேண்டியதில்லை. பில்டரை முழுதாக நம்பினால் போதும். மொத்தத் தொகையையும் வாங்கிக்கொண்ட அவர், குழாய் பொருத்தியவருக்கும் டைல்ஸ் ஒட்டியவருக்கும் பட்டை நாமம் சாத்தினால், அவர்கள் வேலை முடிந்து பொதுவாக 90 நாளுக்குள் அந்த வீட்டின் மீதே பிணை உரிமையைப் பதிவுசெய்யலாம். வழக்குப் போட்டு ஏலம் வரைக்கும் இழுக்கலாம். 'பணம் கொடுத்தவரையே தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?' என்று கேட்கலாம். ஆனால் உழைத்தவரும் குற்றம் செய்யவில்லை. அவர் ஒட்டிய டைல்ஸ் வீட்டுக்காரர் சுவரில்தான் பளபளக்கிறது. தவிர, வேலை தொடங்கிய 20 நாளுக்குள் அவர் முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். அதை விளம்பரத் தாளென்று குப்பையில் போட்டது யார்? ஆகவே ஒவ்வொரு தவணைக்கும் முன்பு, துணை ஒப்பந்தக்காரர்கள் கையெழுத்திட்ட பிணை விடுப்புச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பில்டரின் புன்னகை ரசீது ஆகாது.