முழு மனிதனைப் பயிலும் கல்வி

கேள்வி: மனிதநேய நோக்குள்ள உளவியல் இளங்கலையில் சேர என் மகள் விரும்புகிறாள். ஓசூர் ஆலைகளை நம்பி வாழும் எங்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?
– ஒரு தாய், தேன்கனிக்கோட்டை

பதில்: இயந்திரம் பழுதுற்றால் சீர்செய்ய ஓசூரில் ஆள் உண்டு, அதன்முன் இரவு ஷிப்டில் நிற்கும் மனிதனின் மனம் சோர்ந்தால் செவிசாய்க்க ஆள் வேண்டாமா, அம்மா? சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தோன்றிய அதே 1943-ல், உணவும் பாதுகாப்பும் பெற்ற மனிதன் அன்பையும் மதிப்பையும் தன் பூரண மலர்ச்சியையும் நாடுகிறான் என்று உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ அமெரிக்காவில் எழுதினார். நோயை மட்டுமன்றி, உடல், குடும்பம், சமூகம் அனைத்தோடும் கூடிய முழு மனிதனை நோக்கும் மனிதநேய உளவியல் கல்வி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே வழங்கும் உங்கள் சீமைக்கு அத்தியாவசியமானது. இளங்கலை அஸ்திவாரமே, முதுகலையும் பயிற்சியும் தொடரவேண்டும். மகளைத் தயங்காது சேர்த்துவிடுங்கள்.