கெழங்கு கொழஞ்ச படம்

உலக சினிமா பார்ப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. வைத்துக்கொண்டது நானேதான். இருபது வருடமாக ஃபிலிம் சொசைட்டித் திரையிடல்களுக்குப் போய், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, படம் முடிந்ததும் ஐந்து நிமிடம் யாருடனும் பேசாமல் இருக்கப் பழகியிருக்கிறேன். இந்த மௌனம் முக்கியம். விளக்கைப் போட்டவுடன் டீக்கு எழுந்துவிட்டால் உங்களுக்குப் படம் புரியவில்லை என்று அர்த்தம். ஹங்கேரிக்காரர் பேலா தாரின் 'டூரின் குதிரை' (2011) முடிந்த அன்று நான் பத்து நிமிடம் பேசவில்லை. உண்மையில் நடுவே அரை மணி நேரம் தூங்கிப்போயிருந்தேன். கண் விழித்தபோதும் அதே அப்பாவும் மகளும் அதே மேசையில் அதே அவித்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார்கள். எதையும் தவறவிட்டதாகத் தெரியவில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ரசனை, அம்மா முழங்கால் வைத்தியத்துக்காக கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்ததும் ஆட்டம் கண்டது.

எங்கள் வீட்டில் கேபிள் கிடையாது. அதில் எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. ஊரில் மாலை ஆறு மணிக்கு சீரியலில் உட்கார்ந்தால் பத்து மணிக்கு எழுகிற அம்மாவுக்கு அது பெருமையாகப் படவில்லை. "இத்தாம் பெரிய டிவில ஒண்ணுமே வராதா?" என்று இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள், நான் என்ன பார்த்தாலும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவரைக்காய் முறத்தோடு உட்கார ஆரம்பித்தாள்.

அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது ஷாந்தால் ஆக்கெர்மானின் 'ஜான் தீல்மான்'. படத்தின் முழுப் பெயரில் கதாநாயகியின் பிரஸ்ஸல்ஸ் வீட்டு முகவரி, பின்கோடு வரை இருக்கும். தபால்காரர் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். 1975-ல் வெளியானபோது இயக்குநருக்கு 25 வயதுகூட நிறையவில்லை. 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2022-ல் உலகெங்கும் உள்ள விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் எக்காலத்துக்கும் சிறந்த படமாக முதலிடம் பெற்றது. ஓடும் நேரம் 3 மணி 21 நிமிடம். அதில் பெரும்பகுதி ஒரு விதவை சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறாள், விளக்கைப் போடுகிறாள், அணைக்கிறாள். கேமரா ஓர் இடத்தில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்கும்.

அம்மா பத்து நிமிடம் பார்த்தாள். "வூட்ல வேற யாருமில்லயா?"

"ஒரு பையன் இருக்கான்மா."

"அவனைக் கெழங்கு சீவச் சொல்றதுதானே?"

பையன் வந்தான், சாப்பிட்டான், புத்தகத்தை விரித்தான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மத்தியான வேளையில் ஓர் ஆண் வருவார். உள்ளறைக் கதவு சாத்தப்படும். வருமானத்துக்கு அதுதான் வழி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொந்தக்காரர்மா" என்றேன்.

"சொந்தக்காரன் போறப்ப காசு குடுத்துட்டுப் போவானாக்கும்" என்றாள் அம்மா. காய் ஆய்வது நிற்கவில்லை. "அதை எங்க போடறா பாரு. சாப்பாட்டு மேசை மேல இருக்கற மூடி போட்ட சட்டிக்குள்ள. நம்மூட்டுல அரிசிப் பானை."

நான் அந்தச் சட்டியைக் கவனித்திருக்கவில்லை. கீழே சப்டைட்டிலில் ஏதாவது வருமா என்று காத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் சப்டைட்டிலுக்குக் காத்திருப்பது எங்கள் ஊருக்கு டவுன் பஸ் எதிர்பார்க்கிற மாதிரிதான்.

படத்தில் இரண்டாம் நாள். விருந்தாளி போகிறார். அவள் குளியலறைக்குப் போகிறாள், திரும்பி வருகிறாள், அடுப்பு மேலிருந்த பாத்திரத்தைத் திறக்கிறாள். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"கெழங்கு கொழஞ்சு போச்சு."

"எப்படிம்மா சொல்றே?"

"சட்டியத் தூக்கிட்டு எங்க கொட்டறதுன்னு தெரியாம ரூமு ரூமா அலையறா பாரு. கண்ணு, இவளுக்கு மனசு நிலையில்ல. இனி ஒண்ணும் ஒழுங்கா நடக்காது."

எனக்கு வியர்த்தது. படமே அந்த இடத்தில்தான் திரும்புகிறது. பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதிய திருப்பம் அது. அதைப் பற்றி நானே ஒரு கூட்டத்தில் 'அன்றாடத்தின் சிதைவு' என்று பேசிக் கைத்தட்டு வாங்கியிருக்கிறேன், படத்தைப் பார்க்காமலே. படத்தின் கடைசியில் நடப்பதைச் சொல்லமாட்டேன், பெரிய அதிர்ச்சி அது. அம்மா அசரவில்லை. "கெழங்கு கொழஞ்சப்பவே நெனச்சேன்" என்று எழுந்து குழம்பைப் பார்க்கப் போனாள்.

தென்கொரியாவின் போங் ஜூன்-ஹோ 2020-ல் ஒரு விருது மேடையில், சப்டைட்டில் என்ற ஓர் அங்குலச் சுவரைத் தாண்டினால் எத்தனையோ நல்ல படங்கள் காத்திருக்கின்றன என்று பேசினார். நான் தாண்டவில்லை, அந்தச் சுவர் மேலேயே குடியேறிவிட்டேன் என்று அன்றுதான் தெரிந்தது. (அவருடைய 'பாரசைட்' ஆஸ்கர் வாங்கியபோது, இது 1999-ல் வந்த நம்ம 'மின்சாரக் கண்ணா' கதைதானே என்று இங்கே ஒரு சர்ச்சை கிளம்பியது நினைவிருக்கலாம். அம்மா இரண்டையும் பார்த்துவிட்டாள். தீர்ப்பு: "அதுல பாட்டு இருந்துச்சு.")

துணிந்து 'டூரின் குதிரை'யைப் போட்டேன். 1889 ஜனவரியில் டூரின் நகரத் தெருவில் சாட்டையடி பட்ட ஒரு குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தத்துவஞானி நீட்சே அழுதார் என்று ஒரு கதை உண்டு. அதற்குப் பிறகு நீட்சே என்ன ஆனார் என்பது ஊருக்கே தெரியும். குதிரை என்ன ஆயிற்று என்று படம் கேட்கிறது. நான் இவ்வளவையும் விளக்கினேன். அம்மாவுக்கு நீட்சே பொருட்டாக இல்லை. "குருதை தீனி எடுக்கல. வைத்தியனுக்குச் சொல்லி அனுப்பாம இதென்ன குடும்பம்?" என்றாள். அப்பாவுக்கு ஒரு கை விளங்காது. மறு கையால் சுடச்சுடக் கிழங்கை உரித்து, உப்பைத் தூவி, ஊதி ஊதி விழுங்குவார். "ஒரு பச்ச மொளகா கூடவா இல்ல அந்தச் சீமைல?" வெளியே ஓயாத காற்று. கிணறு வற்றிய இடத்தில் மட்டும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்துக் கிணறு வற்றிய வருடத்தை அவள் மறந்திருக்கமாட்டாள். நான் தூங்காமல் பார்த்த முதல் முறை அதுதான்.

அடுத்தது ஆக்னஸ் வர்தாவின் 'பொறுக்குபவர்களும் நானும்' (2000). இதில் கிழங்கே கதாநாயகன். பிரான்ஸில் அறுவடை முடிந்ததும், அளவுக்கு மிஞ்சிப் பெருத்தது, சிறுத்தது, கோணலானது எல்லாவற்றையும் வயலில் கொட்டிவிடுகிறார்கள். அவற்றை வந்து பொறுக்கிச் செல்பவர்களோடு தானும் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் எழுபது வயதைத் தொட்ட வர்தா. இதய வடிவக் கிழங்குகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய், சுருங்கிப்போகும்வரை படமெடுக்கிறார். 2003-ல் வெனிஸ் கலைக் கண்காட்சிக்கு உருளைக்கிழங்கு வேஷம் கட்டிக்கொண்டே போனவர் அவர். கடலை பிடுங்கிய காட்டில் மண்ணைக் கிளறிப் பொறுக்கி வளர்ந்த அம்மாவுக்கு அந்தப் பாட்டியை ரொம்பப் பிடித்துவிட்டது. "இந்தம்மா நம்மாளு" என்றாள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். வெற்றி தலைக்கேறி ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யை (1953) போட்டேன். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. ஓசு கேமராவைத் தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குத் தாழ்த்தி வைப்பவர். "கீழ உக்காந்து சாப்படறாங்க, முட்டி நல்லா இருக்குது" என்று அம்மா சந்தோஷப்பட்டாள். அப்புறம்தான் எனக்குக் கதை ஞாபகம் வந்தது. ஊரிலிருந்து வயதான அம்மாவும் அப்பாவும் நகரத்திலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். டாக்டர் மகனுக்கு நேரமில்லை, அழகு நிலையம் நடத்தும் மகளுக்கும் நேரமில்லை. செலவு குறைவு என்று அதாமி வெந்நீர் ஊற்றுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே இரைச்சலில் இருவருக்கும் தூக்கமில்லை.

அம்மா பேசவில்லை. அவரைக்காய் மட்டும் டப் டப்பென்று ஒடிந்துகொண்டிருந்தது.

போரில் இறந்துபோன இரண்டாவது மகனின் மனைவி நோரிகோ மட்டும் ஆபீசுக்கு லீவு போட்டு மாமனார் மாமியாரை ஊர் சுற்றிக் காட்டுகிறாள். "மருமவ எவ்வளவு பாங்கு!" என்றாள் அம்மா. குரல் சமையலறைவரை போகும் அளவுக்கு இருந்தது.

சமையலறையிலிருந்து என் மனைவியின் பதில் வந்தது. "அவளுக்குப் புருஷன் இல்ல அத்தை. அதான் நேரமிருக்கு."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் ரிமோட்டைத் தேடி, வயதானவர்கள் ரயிலேறும் கட்டத்தில் படத்தை நிறுத்தி, நெட் போய்விட்டது என்றேன்.

"ஊருக்குப் போனதும் அந்தம்மா போய்ச் சேந்துருவா. அதானே?"

நான் ரிமோட்டின் பின்பக்கத்தைத் திறந்து பேட்டரியைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கெழம பஸ்ஸுக்கு எனக்கு டிக்கெட் போட்டுரு."

"அம்மா, இது வெறும் படம்மா."

"படத்துக்கில்ல கண்ணு. ஊட்ல காய் முத்திரும்." முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "செரி, நெட்டு வந்திருக்கும் பாரு. மிச்சத்தப் போடு."