மிக்கி வீட்டில் எத்தனை மணி வரை இருக்கலாம்?

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் குழந்தையோடு கிளம்புகிறவர்களின் கேள்விகளை இந்த முறை ஒரே கட்டாகக் கட்டியிருக்கிறேன். எந்தக் கேள்வியைப் பிரித்தாலும் கடைசியில் சாயங்காலத்தில்தான் போய் முட்டுகிறது. காலையில் யாருக்கும் பிரச்சினை இல்லை போலிருக்கிறது.

*

நாலு வயது மகளோடு முதல் தடவையாகப் போகிறோம். காலை ஒன்பது மணியிலிருந்து ராத்திரி வாணவேடிக்கை வரை இருந்தால்தான் டிக்கெட் காசு செரிக்கும் என்கிறார் என் கணவர். முடியுமா? – ஒரு வாசகி, டல்லாஸ்

உங்கள் கணவரால் முடியும். மகளால் முடியாது. சாயங்காலம் ஐந்தரை வாக்கில், ஏதோ ஒரு ஐஸ்கிரீம் தவறான நிறத்தில் வந்துவிட்டது என்று தரையில் புரண்டு அழுவாள். ‘இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிக்கொண்டு வந்தால்...’ என்று கணவர் ஆரம்பிப்பார். அந்த வாக்கியத்தை எல்லா மொழிகளிலும் அங்கே கேட்கலாம்.

டிஸ்னி சாயங்காலம் மதியத்தில் தொடங்குகிறது, அதாவது தூக்கத்தில். ஒரு மணிக்கு வெளியே வாருங்கள். ஓட்டல் அறையில் திரையை இழுத்துவிட்டுக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, ஐந்து மணிக்குத் திரும்பப் போங்கள். ஒரே நாளில் அதே பூங்காவுக்குள் அதே டிக்கெட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம்.

ஆனால் டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் கோட்டை இருக்கும் மேஜிக் கிங்டத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. காரை நிறுத்தும் இடத்துக்கும் பூங்கா வாசலுக்கும் நடுவே ஓர் ஏரி. மோனோரயிலிலோ படகிலோதான் போகவேண்டும். வெளி ஓட்டலில் தங்கியிருப்பவர் மதியம் போய்த் திரும்புவதற்குள் பாதிப் பொழுது வழியிலேயே கழிந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு என் யோசனை, காலையை அடியோடு விட்டுவிடுங்கள். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நாலு மணிக்கு உள்ளே போங்கள். நாலிலிருந்து ஒன்பது வரை சிரிக்கிற குழந்தை, ஒன்பதிலிருந்து ஒன்பது வரை இழுபடுகிற குழந்தையைவிட லாபம். கணவரிடம் இதைக் கணக்காகவே சொல்லுங்கள். உணர்ச்சியாகச் சொன்னால் ஏறாது.

*

பேரனைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து விமானம் ஏறுகிறோம். இறங்கிய மறுநாளே ராத்திரி வாணவேடிக்கைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான் என் மகன். குழந்தை தாங்குமா? – தூக்கம் பற்றிக் கவலைப்படும் தாத்தா, தஞ்சாவூர்

குழந்தை தாங்கும், தாத்தா. உங்கள் மகன் தாங்குவாரா என்பதுதான் சந்தேகம்.

கோடையில் ஆர்லாண்டோ கடிகாரம் நம்முடையதைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. அங்கே சாயங்காலம் ஐந்து என்றால் தஞ்சாவூரில் அதிகாலை இரண்டரை. அங்கே ராத்திரி ஒன்பது என்றால் இங்கே காலை ஆறரை. முதல் இரண்டு மூன்று நாள் பேரனின் உடம்பு தஞ்சாவூரிலேயேதான் இருக்கும். பட்டப்பகலில் சாய்வான், வாணவேடிக்கை நேரத்துக்குப் பால்காரர் மணி அடித்ததுபோல் எழுந்து உட்காருவான். ஆகவே அன்றைக்குக் காலை, மதியம் என்று எதையும் திட்டம் போடாதீர்கள். மதியம் முழுக்கத் தூங்கவிட்டு ராத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அதற்குப் பிறகு விடிய விடிய அவனோடு விளையாட ஓர் ஆள் வேண்டும். உங்கள் உடம்பும் தஞ்சாவூரில்தான் இருக்கும் என்பதால் அந்த ஆள் நீங்கள்தான்.

*

மகனுக்கு மூன்று வயது முடிந்து ஒரு மாதம். இரண்டு என்று சொல்லிவிடலாமா? – ஓர் அப்பா, நியூ ஜெர்சி

தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை இலவசம். டிஸ்னியில் மூன்று வயதுக்குக் கீழே மட்டும்தான். மூன்றிலிருந்து ஒன்பது வரை குழந்தை டிக்கெட், பத்து ஆனால் பெரியவர் விலை. வாசலில் நீங்கள் இரண்டு என்று சொல்லலாம். பக்கத்தில் நின்று மூன்று விரலைக் காட்டப்போகிறவனை என்ன செய்வீர்கள்?

*

எந்த மாதத்தில் போனால் குழந்தை தூங்குவதற்குள் விளக்கு அலங்காரத்தைப் பார்க்கலாம்? – ஒரு வாசகி, அட்லாண்டா

நல்ல கேள்வி. பலர் விடுமுறையைப் பார்க்கிறார்களே தவிர சூரியனைப் பார்ப்பதில்லை. ஜூன் மாதத்தில் ஆர்லாண்டோவில் சூரியன் மறைய ஏறக்குறைய எட்டரை ஆகிவிடும். அதற்குப் பிறகு இருட்ட வேண்டும், அதற்கும் பிறகுதான் வாணவேடிக்கை. எட்டு மணிக்குத் தூங்கிப் பழகிய குழந்தைக்கு அது நடு ராத்திரி. டிசம்பரில் ஐந்தரைக்கே சூரியன் கிளம்பிவிடுகிறது. ஆறரை மணிக்குக் கோட்டை முழுக்க விளக்கு எரியும், உங்கள் பெண்ணும் விழித்திருப்பாள். வெயிலும் இராது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை சில ராத்திரிகளில் மேஜிக் கிங்டத்தில் ஹாலோவீன் பார்ட்டி. நவம்பர், டிசம்பரில் சில ராத்திரிகள் கிறிஸ்துமஸ் பார்ட்டி. இவற்றுக்குத் தனி டிக்கெட். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட் வைத்திருப்பவர்களைப் பொதுவாக ஆறு மணிக்கே வழியனுப்பிவிடுவார்கள். ‘நாலு மணிக்கு நிதானமாகப் போகலாம்’ என்ற என் பேச்சைக் கேட்டு அந்த நாளில் போய் நின்றால் இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்து என்னைத் திட்டுவீர்கள். டிக்கெட் எடுக்கும் முன் அந்தத் தேதிக்குப் பூங்கா எத்தனை மணிக்கு மூடுகிறது என்று பார்த்துவிடுங்கள். ஏழு மணிக்கே கண் சொக்கும் குழந்தையும், வாணவேடிக்கையில் ஆசையில்லாத பெற்றோரும் என்றால் அதே நாளை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கலாம். வாணவேடிக்கைக்காக வருகிற கூட்டம் அன்றைக்கு வேறு நாள் தேடிப் போயிருக்கும். பகலில் கொஞ்சம் காலாறலாம்.

*

தீபாவளிக்குச் சரவெடியைப் பார்த்துச் சிரிக்கிற என் மகன், டிஸ்னி வாணவேடிக்கையின்போது காதைப் பொத்திக்கொண்டு அலறிவிட்டான். இத்தனைக்கும் ஒரு மணி நேரம் முன்னாலேயே கோட்டைக்கு எதிரே நல்ல இடம் பிடித்திருந்தோம். – ஓர் அம்மா, சான் ஹோசே

தீபாவளிச் சரத்தின் திரியைக் கிள்ளுவது சித்தப்பா. பற்றவைப்பதும் அவர்தான், ஓடி வருவதும் அவர்தான். வெடிக்கப்போகிறது என்று குழந்தைக்குத் தெரியும். இங்கே சித்தப்பா இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே வானம் பிளக்கிறது. தோளுக்குத் தோள் கூட்டம், இருட்டு, முன்னால் நிற்பவர் தூக்கிப் பிடித்த செல்போன். குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால் அந்த ‘நல்ல இட’த்தில் தெரிவது பெரும்பாலும் பெரியவர்களின் முதுகு.

‘ஹேப்பிலி எவர் ஆஃப்டர்’ என்ற அந்தக் காட்சி பதினெட்டு நிமிடம் போல நடக்கும். அதற்காக ஒரு மணி நேரம் தரையில் உட்காரவைப்பதுதான் முதல் தண்டனை. வாணவேடிக்கை பெரியவர்களின் ஆசை என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. குழந்தையின் பெயரில் நாம்தான் அழுதுவிட்டு வருகிறோம். நிச்சயம் பார்த்தே ஆகவேண்டும் என்றால் தூரத்திலிருந்து பாருங்கள். ஏரிக்கு அக்கரையில் பாலினேசியன் ஓட்டலின் மணல் கரையிலிருந்து கோட்டை தெரியும், அங்கே பாட்டையும் ஒலிபரப்புவார்கள், சத்தம் பாதியாகிவிடும். காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

அதைவிடச் சிறந்தது, எல்லோரும் கோட்டை முன்னால் கழுத்தை நிமிர்த்தி நிற்கும் நேரத்தில் ராட்டினம் ஏறுவது. பகலில் வரிசை அனுமார் வால்போல நீளும் பீட்டர் பேனில்கூட அப்போது நடை குறையும். பூங்கா மூடும் நிமிடத்துக்கு முன்னால் வரிசையில் கால் வைத்துவிட்டால் போதும், ஏற்றிவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

சத்தமே ஆகாது என்கிற குழந்தைக்கு அனிமல் கிங்டம். மிருகங்கள் இருப்பதால் அங்கே வாணவேடிக்கை கிடையாது. சீக்கிரமே மூடிவிடுகிற பூங்காதான். ஆனால் மூடும் முன் இருட்டிவிடுகிற குளிர்கால நாளில் போனால், ‘அவதார்’ படத்தை வைத்து 2017இல் திறந்த பண்டோரா பகுதியில் செடிகளும் தரையும் மெல்லிய ஒளி விடுவதைப் பார்க்கலாம். யாரும் அலறமாட்டார்கள்.

*

எங்களுக்கு ரோலர்கோஸ்டர் ஆசை. குழந்தைக்கு உயரம் போதாது. ஒருவர் வெளியே காவல் இருக்க, இன்னொருவர் மட்டும் போக வேண்டியதுதானா? – புதிதாகப் பெற்றோர் ஆனவர்கள், சிகாகோ

இருவரும் போகலாம், ஆளுக்கு ஒரு தடவை. ரைடர் ஸ்விட்ச் என்று கேளுங்கள், தனிக் கட்டணம் இல்லை. ஒருவர் வரிசையில் நின்று ஏறிவிட்டு வருவார். மற்றவர் திரும்பவும் முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். நாலு வயதுக் குழந்தை ஏறக்குறைய நூறு சென்டிமீட்டர் இருக்கும். செவன் டுவார்ஃப்ஸ் சுரங்க ரயிலுக்கு 97 போதும், ஸ்பேஸ் மவுன்டனுக்கு 112 வேண்டும். சுரங்க ரயிலை இருட்டிய பிறகு ஏறுங்கள். பகலில் சுமாராக இருப்பது ராத்திரியில் அழகாகிவிடுகிறது.

குழந்தையும் தாத்தாவும் ஒரே நேரத்தில் களைத்துப்போனால் மேஜிக் கிங்டத்தின் டுமாரோலேண்டில் பீப்பிள்மூவர் என்ற வண்டி இருக்கிறது. உயரக் கட்டுப்பாடு கிடையாது, காற்று வரும், மெல்லப் போகும், ஸ்பேஸ் மவுன்டன் கட்டடத்துக்குள்ளேயே ஒரு சுற்று எட்டிப் பார்த்துவிட்டு வரும். 1975இலிருந்து ஓடுகிறது. அந்தப் பூங்காவில் சாயங்காலத்துக்கு அதைவிட நல்ல ஊர்வலம் எனக்குத் தெரியாது.

*

தயிர் சாதம் கொண்டுபோகலாமா? – மாமியாரின் ஆணைப்படி மருமகள், ஹூஸ்டன்

தாராளமாக. சொந்த உபயோகத்துக்கான சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள். கண்ணாடி பாட்டில், ஜாடி கூடாது. ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். சின்னக் குழந்தைக்குச் சாதத்தைச் சூடு பண்ண வேண்டுமென்றால் ஒவ்வொரு பூங்காவிலும் பேபி கேர் சென்டர் இருக்கிறது. மைக்ரோவேவ், பால் கொடுக்கத் தனி அறை, துணி மாற்றும் மேசை எல்லாம் உண்டு. மேஜிக் கிங்டத்தில் அது கோட்டைக்குச் சற்று முன்னால், கிரிஸ்டல் பேலஸ் உணவகத்தின் ஓரம். சாயங்காலம் ஆறு மணிக் கலாட்டாவில் குளிரூட்டிய அந்த அறைக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே பாதி அழுகை நின்றுவிடும். குழந்தையின் அழுகையையும் சேர்த்துத்தான்.

மாமியாரை அசத்த வேண்டுமென்றால் ஒரு மாலை பூங்காவை மறந்துவிட்டு அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனா உணவகத்துக்கு அழைத்துப்போங்கள். விதவிதமான ரொட்டியும் நானும், தொட்டுக்கொள்ள ஒரு வரிசைச் சட்னியும் வரும். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். இருட்டும் முன் போங்கள், இருட்டிவிட்டால் சட்னி மட்டும்தான் தெரியும்.

*

சாயங்காலம் மூன்று மணிக்கு இடி, மழை. திட்டமெல்லாம் பாழ். என்ன செய்வது? – நனைந்தவர், டாம்பா

டாம்பாவிலிருந்து கேட்கிறீர்களே! ஃப்ளோரிடாக் கோடையில் பிற்பகல் இடிமழை விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். மின்னல் அடித்தால் வெளிப்புற ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தைத்தான் தூக்கத்துக்கு ஒதுக்கச் சொன்னேன். மழை விட்டபின் போனால் கூட்டமும் கலைந்திருக்கும், தரையும் குளிர்ந்திருக்கும்.

*

ஸ்ட்ரோலரை நிறுத்திய இடத்தில் காணோம்! – பதறிய தகப்பன், சார்லட்

யாரும் திருடவில்லை. ஊழியர்கள் ஒழுங்குபடுத்தி நகர்த்தி வைத்திருப்பார்கள். ராத்திரியில் எல்லா ஸ்ட்ரோலரும் ஒரே ஜாடை. கைப்பிடியில் பாட்டியின் பழைய மஞ்சள் புடவைத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள், அமெரிக்காவில் அதற்கு ஜோடி இருக்காது.

*

ஃப்ளோரிடாவெல்லாம் எங்களுக்குக் கனவு. எங்கள் குழந்தைக்குத் தீவுத்திடல் பொருட்காட்சி போதாதா? – ஒரு வாசகர், பெரம்பூர்

போதும். ஒரு விஷயத்தில் அது மேலும்கூட. பொங்கலை ஒட்டி நடக்கும் அந்தப் பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு ராட்டினம் தனித்தனியாகக் காசு. குழந்தை இரண்டு ராட்டினம் ஏறி, முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளத்தை உடைத்து, ‘போலாம்பா’ என்றால் கிளம்பிவிடலாம், நஷ்டம் என்று நெஞ்சு அடைக்காது. முழு நாள் டிக்கெட் எடுத்தவன்தான் குழந்தையைப் பிழிந்து காசை எடுக்கப் பார்க்கிறான். ஆர்லாண்டோ போகிறவர்களும் பெரம்பூர்க்காரர் மனத்தோடு போகலாம்.

*

வாணவேடிக்கை முடிந்ததும் ஓடிவிட வேண்டுமா, நின்று நிதானமாக வரவேண்டுமா? – ஓர் அம்மா, ராலே

கடைசி ஐந்து நிமிடத்துக்கு முன் கிளம்புங்கள், அல்லது கிளம்பவே கிளம்பாதீர்கள். நடுவில் மாட்டினால் ஆயிரக்கணக்கானோர் ஒரே படகுத்துறைக்கும் ஒரே மோனோரயிலுக்கும் நடக்கும்போது நீங்களும் நடப்பீர்கள். குழந்தை தூங்கிவிட்டதென்றால் அவசரமே வேண்டாம். பூங்கா மூடிய பிறகும் மெயின் ஸ்ட்ரீட் கடைகள் ஒரு மணி நேரம் போலத் திறந்திருக்கும். உட்காருங்கள், ஒரு காப்பி குடியுங்கள். டிஸ்னி ஓட்டலில் தங்கியவர்களுக்குப் பேருந்து வாசலிலேயே வந்துவிடும். காரில் வந்தவர்களுக்குத்தான் ஏரி.

வந்து இறங்கியதுமே ஒரு வேலை செய்துவிடுங்கள். கார் நிறுத்தும் இடங்களுக்கு அங்கே கதாநாயகர்கள் பெயரும் வில்லன்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ‘அலாதீன்ல நிறுத்தினோமா, ஜாஃபர்லயா?’ என்று கணவனும் மனைவியும் சண்டை போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பலகையையும் வரிசை எண்ணையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.