செஞ்சி வட்டக் கணினி ஆர்வலரின் மெய்ப்பாடுகள்: ஓர் அறிமுக ஆய்வு

1. தோற்றுவாய்

தலைவியைப் பிரிந்தவன் என்ன உணர்வான், போரில் தோற்றவன் என்ன உணர்வான் என்பதையெல்லாம் நம் முன்னோர் அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்துவிட்டனர். ஆனால் தான் வாங்கி ஆறு வாரமே ஆன கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடுத்த மாடல் வந்துவிட்டது என்று அறிந்தவன் என்ன உணர்வான் என்பதை எந்தப் புலவரும் பாடவில்லை. இப்பெருங்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் விழுப்புரம் மாவட்டம் செஞ்சி. ஆய்வு மாந்தர் ஒருவர். மாதிரி எண்ணிக்கை ஒன்றுதானா என்று புள்ளியியலார் முகம் சுளிக்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழைய புள்ளியியல் கோட்பாடே இவ்வாய்வுக்கு அடிப்படை. ஆய்வறம் கருதி அவர் பெயர் மறைக்கப்படுகிறது. இனி அவர் ‘அன்பர்’ எனப்படுவார்.

அன்பர், தம் அக்கா நடத்தும் ஜெராக்ஸ் கடையில் கணினிப் பிரிவின் பொறுப்பாளர். கணினிப் பிரிவு என்பது ஒரு கணினி, ஒரு பிரிண்டர், முன்பு சுழன்றுகொண்டிருந்த ஒரு சுழல் நாற்காலி. வில்லங்கச் சான்று எடுப்பது, பட்டா, சிட்டா எடுப்பது, தேர்வு விண்ணப்பத்துக்குப் போட்டோவைச் சுருக்கி ஏற்றுவது ஆகியவை அங்கு நடக்கும் பணிகள். இவற்றுக்கு எந்தக் கணினி வேண்டும் என்று கேட்டால், இருக்கிற கணினியே போதும். இது அன்பருக்கும் தெரியும். தெரிந்த பிறகும் உறக்கம் வராதவரையே இக்கட்டுரை ஆர்வலர் என்று வரையறுக்கிறது.

ஆய்வுமுறை: எதிர் டீக்கடை பெஞ்சிலிருந்து உற்றுநோக்கல். நிதியுதவி: கடன் சொல்லிக் குடித்த டீ.

2. கோட்பாட்டுப் பின்புலம்

உணர்வின் மெய்க்குறிகளான மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் எட்டாக வகுத்தார். ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்றார். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எட்டை நான்கால் பெருக்கினால் முப்பத்திரண்டு. ஆகவே மெய்ப்பாட்டியல் முப்பத்திரண்டு பிட் கட்டமைப்பில் எழுதப்பட்டது என்பது அன்பரின் துணிபு. உலகம் அறுபத்துநான்கு பிட்டுக்கு மாறி இத்தனை காலமாகியும் உரையாசிரியர் எவரும் அப்டேட் தராதது ஏன் என்றும் கேட்கிறார். இதற்கு விடை காண்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

தொல்காப்பியர் நகையை முதலில் வைத்து உவகையில் முடிக்கிறார். கணினி வெளியீட்டிலோ மருட்கைதான் முதலில் வந்து நிற்கிறது. எனவே வரிசை மாற்றப்பட்டுள்ளது. இலக்கணம் பொறுத்தருள்க.

3. மருட்கை

வியப்பு பிறக்கும் களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். நான்கும் ஒரே பெட்டியில் வந்து இறங்கியது 2025 ஜனவரியில். என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டு லாஸ் வேகாஸில் மாலை வேளையில் அறிவிக்கப்பட்டபோது செஞ்சியில் மறுநாள் காலை எட்டு மணி. அக்கா கடை வாசலில் நீர் தெளித்துக்கொண்டிருந்தார். அன்பர் ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையில், கைப்பேசியைப் பார்த்தபடி, அப்படியே நின்றார். மருட்கைக்கு இதைவிடச் சிறந்த மெய்க்குறி இலக்கியத்தில் இல்லை.

புதுமையை விளக்க வேண்டியதில்லை. பெருமையாவது, அந்தக் கார்டு உண்ணும் 575 வாட் மின்சாரம். வீட்டு மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட் எனக் கொண்டால் ஏழரை மின்விசிறிக்கும் மேல். ஒரு சிறிய கல்யாணத்துக்கே காற்று வீசலாம். சிறுமையாவது, அதன் சில்லுக்குள் அடைந்து கிடக்கும் 9,220 கோடி டிரான்சிஸ்டர்கள். 1971இல் வந்த இன்டெல் 4004 நுண்செயலியில் இருந்தவை வெறும் 2,300. ஆக்கமாவது, ஒன்று இன்னொன்றாய்த் திரிதல். மணலின் மூலப்பொருளே சிலிக்கான் சில்லாகிறது. மணல் லாரியில் போனால் வழக்கு, கார்டில் வந்தால் லட்சம் என்று அன்பர் இதனைச் சுருங்கச் சொன்னார்.

4. பெருமிதம்

கல்வி, தறுகண், இசை, கொடை என்பன இதன் களன்கள். கல்வியில் அன்பரை வெல்வார் இல்லை. தம் ரேஷன் கார்டு எண்ணை அறியாதவர், தாம் என்றுமே வாங்கப்போகாத பிராசஸரின் கேஷ் அளவை உறக்கத்திலும் சொல்வார். தறுகண் என்னும் அஞ்சாமை ஓவர்கிளாக்கிங்கில் வெளிப்படும். ஆலையில் விதித்த வேகத்தை மீறிப் பிராசஸரை ஓட்டுவது அடங்காக் குதிரை மேல் ஏறுவதற்கு ஒப்பு. அத்தகைய குதிரையை அடக்கியதாக நாட்டார் கதை போற்றும் தேசிங்கு ராஜன் ஆண்ட மண்ணல்லவா இது? அவன் 1714இல் ஆற்காட்டு நவாபின் பெரும்படையைச் சிறுபடையுடன் எதிர்த்து மாண்டான். அன்பரின் பழைய மதர்போர்டு ஒரு சித்திரை மாத மதியத்தில் மாண்டது. இரண்டிலும் பொதுவாக இருப்பது, எதிரியின் பலத்தைக் கணக்கிடாமை.

இசை என்பது புகழ். “அண்ணா, அம்பதாயிரத்துக்கு ஒரு நல்ல கான்ஃபிகரேஷன் சொல்லுங்க” என்று மேல்மலையனூரிலிருந்தெல்லாம் போன் வரும். சொல்வார், கேட்டவர் நேரே போய் லேப்டாப் வாங்கிவிடுவார். கொடைக்குச் சான்று, தம்மிடம் மிஞ்சிய பதினாறு ஜிபி ரேமைச் சித்தி மகனுக்கு இனாமாகத் தூக்கிக் கொடுத்தது. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

5. இளிவரலும் அழுகையும்

இவ்விரண்டையும் சேர்த்தே ஆராயலாம். அன்பரிடம் இவை ஒரே மாலையில் தோன்றும். இளிவரல் என்னும் இழிவுணர்வின் களன்களில் முதலாவது மூப்பு. நேற்றுவரை நன்றாய் ஓடிய கணினி, புதியதன் பென்ச்மார்க் எண்ணைப் பார்த்த கணத்தில் கிழடு தட்டிவிடும். கணினியில் ஒரு மாற்றமும் நிகழவில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

அழுகைக்கு இழவும் வறுமையும் களன்கள். 2025 இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்ளத் தொடங்கவே, ரேம் விலை தங்கத்தைப் பார்த்துப் படி ஏறியது. சித்தி மகனுக்குப் போன பதினாறு ஜிபி நினைவுக்கு வந்தது. திரும்பக் கேட்கக் கூச்சம். கேட்காமலிருக்க வேதனை. கொடையே அழுகைக்கும் நிலைக்களனாகும் என்பதைப் பழைய உரைகள் கூறவில்லை. இவ்வாய்வின் கண்டுபிடிப்புகளுள் இது தலையாயது.

6. அச்சம்

அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கினால் அச்சம் பிறக்கும். அணங்கு நீலத்திரையாய்த் தோன்றும். கண்டவர் கை கால் விலவிலக்கும். ஃபார்மேட் அடித்தாலன்றி நீங்காது. விலங்கு, செஞ்சிக் கோட்டைப் பக்கமிருந்து வரும் குரங்கு. இன்டர்நெட் கேபிளை அது வேறுவகைக் கொடி என்று கருதுகிறது. கள்வர், 2017 மே மாதம் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வன்னாக்ரை போன்றோர்.

நான்காவதான இறை, அஞ்சத்தக்க தலைமை. அது கல்லாப்பெட்டியருகில் அமர்ந்திருக்கிறது. அன்பர் ஒவ்வொரு வெளியீட்டையும் பெருமூச்சோடு விவரித்து முடித்ததும், அக்கா ஒரே கேள்விதான் கேட்பார்:

“அதுல பிரிண்டு சுருக்கா வருமாடா?”

இக்கேள்விக்கு இதுவரை விடை பதிவாகவில்லை.

7. வெகுளி

உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. மென்பொருள் நிறுவனங்கள் இந்நான்கையும் முறைப்படி கற்றுத்தான் செயல்படுகின்றனவோ என்னும் ஐயம் ஆய்வாளருக்கு உண்டு.

உறுப்பறையாவது அங்கத்தை வெட்டுதல். 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 உலகுக்கு ஸ்டார்ட் பட்டனைத் தந்தது. அதை வாங்க வெளிநாடுகளில் நள்ளிரவில் வரிசையில் நின்றார்கள். 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8 அந்த உறுப்பை அறுத்தது. உலகம் கொதித்தது. அடுத்த ஆண்டே 8.1 பதிப்பில் அதை ஒட்டவைத்தார்கள்.

குடிகோளாவது, குடியிருப்போரை அலைக்கழித்தல். 2021இல் வந்த விண்டோஸ் 11, இன்டெல் பிராசஸர்களில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றுக்கு இடமில்லை என்று அறிவித்தது. அன்பரின் கணினி ஆறாம் தலைமுறை. தாத்தா காலத்துப் பத்திரம் செல்லாது என்று கேட்டவர் முகத்தை அன்பர் தினமும் கடையில் பார்த்தவர்தான். அந்த முகத்தை முதன்முறையாக அவர் மானிட்டரின் பிரதிபலிப்பில் பார்த்தார்.

அலையாவது அலைத்தல். விண்ணப்பத்தின் கடைசி நாளில், கடைசி மணி நேரத்தில், வாசலில் பதினைந்து பேர் நிற்கையில், ‘கணினியை அணைக்காதீர்கள்’ என்னும் அறிவிப்போடு அப்டேட் ஓடுதல். மேலும் விளக்கினால் ஆய்வாளரின் நடுநிலை பிறழும்.

கொலையாவது, ஆதரவை நிறுத்துதல். 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பி. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10; தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு. நரகாசுரனுக்காவது குறித்த நாள்வரை அவகாசம் இருந்தது என்றார் அன்பர்.

8. வரலாற்று ஒப்பீடு

இவ்வுணர்வுகள் செஞ்சிக்குப் புதியவை அல்ல என்பது இக்கட்டுரையின் மையக் கருத்து. இவ்வூர்க் கோட்டை கோன் மரபினர் காலத்தில் தொடங்கிப் பல பதிப்புகளைக் கண்டது. பீஜப்பூரார் பிடித்ததும் பாதுஷாபாத் என்றார்கள். 1677இல் சிவாஜி கைப்பற்றிய பின் மராட்டியர் சந்தி என்றார்கள். 1690இல் தொடங்கி 1698இல் முடிந்த முற்றுகைக்குப் பின் முகலாயர் நுஸ்ரத்கட் என்றார்கள். எட்டாண்டு ஓடி நிறைவுற்ற இன்ஸ்டலேஷன் அது. 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். பின்னவர் ஜிஞ்சி என்று எழுதினர். இதற்கிடையில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளும் ஓரங்குலம் நகரவில்லை. 2023இல் இன்டெல் பதின்மூன்றாம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகளையே சற்று முடுக்கிப் பதினான்காம் தலைமுறை என வெளியிட்டபோது உலக ஆர்வலர்கள் ஏமாந்தனர். செஞ்சிக்காரர் ஏமாந்திருக்கக் கூடாது.

புது நுட்பங்களும் இங்கு உண்டு. கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலுக்கு மண்குழாய் வழியே நீர் ஏற்றிய ஏற்பாட்டை அன்பர் ‘லிக்விட் கூலிங்’ என்றே குறிப்பிடுகிறார்.

இத்தனை பதிப்புகளால் விளைந்த பயன் என்ன? நிக்லாஸ் விர்த் என்னும் சுவிட்சர்லாந்துக் கணினி அறிஞர் 1995இலேயே சொன்னார்: வன்பொருள் விரைவதைவிட வேகமாக மென்பொருள் மந்தமாகிறது. அவ்வாண்டு வந்த விண்டோஸ் 95க்குக் குறைந்தது 4 எம்பி ரேம் போதும். விண்டோஸ் 11 கேட்பது குறைந்தது 4 ஜிபி. ஆயிரத்து இருபத்துநான்கு மடங்கு. ஒரு பக்கப் பட்டா அன்றும் ஒரு பக்கம், இன்றும் ஒரு பக்கம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் செஞ்சியும் ஒன்றாகச் சேர்ந்தது. பழையதாகிக்கொண்டே போனால் ஒருநாள் மதிப்பு வரும் என்பதற்கு இது சான்று. எனினும் கோட்டை காத்திருக்க முடியும். கணினிக்கு வாரண்டி மூன்றாண்டு.

9. நகையும் உவகையும்

நகை சுருக்கமானது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் களன்களில் பேதைமைக்குச் சான்று, வகுத்தல் கணக்கில் தவறுவதாக 1994இல் தெரியவந்த பெண்டியம். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.3338 வர வேண்டிய இடத்தில் அது 1.3337 என்றது. அன்பர் சோர்வுற்ற நாள்களில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துச் சிரிப்பதுண்டு.

உவகையோ செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு வழியே வரும். சென்ற மாதம் செல்வம் வந்தது, சீட்டுப் பணம். அன்பர் விடியற்காலைப் பேருந்தில் திண்டிவனம் வழியே சென்னை போய், ரிச்சி தெருவில் கடை கடையாய் ஏறி இறங்கி, 5090 அல்ல, பட்ஜெட்டுக்கு அடங்கிய பிராசஸர், மதர்போர்டு, ரேம் வாங்கினார். திரும்பும் வழியெல்லாம் பெட்டி மடியில். சன்னலோர இருக்கை கிடைத்தும் சன்னலைப் பார்க்கவில்லை. புலன் என்பது பெட்டியைத் திறந்ததும் வந்த புது வாசனை. கண்ணை மூடி மும்முறை முகர்ந்தார். புணர்வு, பிராசஸர் தன் சாக்கெட்டில் ஓசையின்றி அமர்ந்த கணம். ஆய்வாளர் நாகரிகம் கருதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். விளையாட்டு நிகழவில்லை. அன்பர் விளையாடுவதில்லை. பென்ச்மார்க் மட்டும் ஓட்டி, எண்ணைப் பார்த்து, மறுபடி ஓட்டினார்.

10. முடிவுரை

பின்வந்த இலக்கண நூலார் எட்டோடு சமநிலை என ஒன்பதாவது ஒன்றையும் சேர்த்தனர். விருப்பும் வெறுப்பும் அற்று இருக்கும் அந்நிலை அன்பரிடம் உண்டா எனத் தேடினோம். மின்வெட்டு நேரத்தில்கூட இல்லை.

புதுக் கணினி நிறுவிய மறுநாள் காலை, ஒரு பெரியவர் வில்லங்கச் சான்று கேட்டு வந்தார். கணினி ஏழு நொடியில் எழுந்தது. அன்பர் கண்ணில் பெருமிதம். கோப்பு இறங்கியது. பிரிண்ட் கொடுத்தார். பிரிண்டர், தன் பழைய வழக்கப்படி முனகி, இருமி, யோசித்து, தாளை இழுத்து, பாதியில் நின்று, மீண்டும் இழுத்தது. அன்பர், பெரியவர், ஆய்வாளர் மூவரும் அதையே பார்த்தபடி நின்றோம்.

அக்கா தலை நிமிரவே இல்லை. எழுந்து வந்து, பிரிண்டரின் இடப்பக்கம் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். தாள் வந்தது.

“பதினஞ்சு ரூபா குடுங்கய்யா” என்றார்.

ஒன்பதாம் மெய்ப்பாடு செஞ்சியில் உள்ளது. தவறான நாற்காலியில் அமர்ந்திருப்பவரை ஆய்வு செய்ததே இக்கட்டுரையின் ஒரே குறை.