இராவணனின் பிளைட் கணக்கு

நாவற்குடா வாவிக்கரையில் நின்றால் மட்டக்களப்பு எயார்போட் அக்கரையில்தான். கொக்குக்கு அது ஒரு எட்டு. மனுசருக்குக் கல்லடிப் பாலம் ஏறி, ரவுண் நெரிசலுக்குள் நுழைந்து, சுற்றிக்கொண்டு போக வேணும். அங்கேயிருந்து கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீற்றர். சின்ன செஸ்னாவுக்கு ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. ரயில் அப்படியில்லை. அது முதலில் மாகோ சந்தியைச் சுகம் விசாரித்துவிட்டுத்தான் கொழும்பை நினைக்கும்.

1983இல் விமானப்படை எடுத்துக்கொண்ட இந்த எயார்போட், சிவில் விமான நிலையமாகத் திரும்பியது 2018இல். முப்பத்தைந்து வருஷம்! இராமருக்கே வனவாசம் பதினாலுதான்.

இராமர் என்றதும் ஞாபகம் வருகிறது. மட்டக்களப்பிலிருந்து அயோத்தி சுமார் 2,100 கிலோமீற்றர், கிட்டத்தட்ட நேர் வடக்கு. பைலட் மூக்கை வடக்கே வைத்துவிட்டுக் குறட்டை விடலாம். இன்றைய ஜெட் மூன்று மணித்தியாலத்துக்குள் போய்விடும். இராமர் இலங்கையிலிருந்து ஊர் திரும்பிய புஷ்பக விமானம்?

வால்மீகியைக் கேளுங்க. சீதை ஆசைப்பட்டார் என்று கிஷ்கிந்தையில் நிறுத்தி, தாரையையும் வானரப் பெண்களையும் ஏற்றினார்கள். அடுத்து பரத்துவாஜர் ஆசிரமத்தில் இறங்கி விருந்து. அங்கே நந்திக்கிராமத்தில் தம்பி பரதன், சொன்ன நாள் தவறினால் தீயில் விழுவேன் என்று உட்கார்ந்திருக்கிறான். அண்ணனுக்கும் பதற்றம் இல்லாமல் இல்லை. அனுமனை முன்னால் அனுப்பினார். 'பிளைட் கொஞ்சம் லேட், ஆனால் வருகிறது' என்ற முதல் அறிவித்தல் அதுவாகத்தான் இருக்கும். இன்றைக்கும் அதே வசனம். சொல்ல அனுமன்தான் இல்லை.

நம்ம இராவணனார் என்ன செய்தார்? விமானமே சொந்தமில்லை; அண்ணன் குபேரனிடம் பறித்தது. அதுவும் சீதையைத் தூக்கப் போனபோது எடுத்துப் போனது கழுதை பூட்டிய தேர். வீட்டில் புஷ்பகம் நிற்க, ஏன் கழுதை? பெற்றோல் மிச்சம் பிடித்தாரோ! வழியில் ஜடாயு மோதித் தேர் தூள்தூள். பறவை மோதி விழுந்த முதல் வாகனம் என்று கின்னஸுக்கு எழுதிப் போடலாம். மனுசன் மிச்சத் தூரத்தைச் சீதையைத் தூக்கிக்கொண்டு தானே பறந்து முடித்தார். அந்தத் தில்லுக்கு ஒரு சலாம்.

இவ்வளவும் நடத்திய ஆளை அரசாங்கம் விடுமா? 2019இல் கட்டுநாயக்கவில் மாநாடு கூட்டி, 5,000 வருஷத்துக்கு முன் இராவணன் இங்கிருந்து இந்தியாவுக்குப் பறந்து திரும்பினார் என்று முடிவு கட்டினார்கள். சீதையைக் கடத்தியது மட்டும் இந்தியாக்காரர் கட்டிய கதையாம். ஆக, பிளைட் உண்மை; பசெஞ்சர் பொய்!

2020 ஜூலையில் இன்னும் ஒரு படி மேலே. விமானப் போக்குவரத்து அமைச்சு பத்திரிகையில் விளம்பரம் போட்டது: இராவணனின் வான்வழிகள் பற்றி ஓலையோ புத்தகமோ வைத்திருப்பவர்கள் தாருங்கள். நேரத்தைக் கவனியுங்க. கொரோனாவால் கட்டுநாயக்க எயார்போட் உல்லாசப் பயணிகளுக்குப் பூட்டியிருந்த மாதம் அது. இருக்கிற விமானம் பறக்க வழியில்லை, இல்லாத விமானத்துக்கு ரூட் மப் தேடுகிறோம்.

இதற்கெல்லாம் முன்பே, 1947 டிசம்பர் 10இல், எயார் சிலோன் தன் முதல் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராசுக்கு நடத்தியது. அந்த டகோட்டா விமானத்தின் பெயர் சீதாதேவி. கடலைத் தாண்டி இந்தியாவுக்கு, டிக்கெட்டோடு, பாலமும் கட்டாமல், ஒரு குரங்கையும் தொந்தரவு பண்ணாமல் போய்ச் சேர்ந்தார் அம்மா.