பத்தாவது கிரகம்

திருப்பூரில் ஜாதகம் கணிப்பவர்கள் நவகிரகங்களோடு வெள்ளை மாளிகையையும் சேர்த்துக்கொள்வது நல்லது. 2025 ஆகஸ்ட் 27 அன்று அந்தக் கிரகம் உச்சத்தில் ஏறியது. அமெரிக்கா போகும் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதக் கூடுதல் வரி விழுந்தது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான அபராதமாம். எண்ணெய் இறங்கியது குஜராத் கரையில். ஓவர்டைம் போனது பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் அக்காவுக்கு. அவர் வாங்கியதென்னவோ மளிகைக்கடையில் அரை லிட்டர் கடலை எண்ணெய்தான். எதற்கும் பில்லை பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உலகச் சந்தை இந்த ஊருக்கு ஒன்றும் தரவில்லை என்று சொல்லிவிட முடியாது. நொய்யல் ஆற்றுக்கு வண்ணம் தந்தது. அதன் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, ‘தயவுசெய்து தண்ணீர் திறக்காதீர்கள்’ என்று விவசாயிகளே கெஞ்சும் அபூர்வக் காட்சியைத் தந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத சுத்திகரிப்பு வந்தது. செலவு உள்ளூர்க் கணக்கில். ‘பசுமை ஆடை’ என்ற லேபிள் வெளிநாட்டுக் கடையில்.

சட்டை வாங்கும் அமெரிக்க பையர்கள் நல்லவர்கள். வரி ஏறியதும், ‘நாம் பங்காளிகள், சுமையைப் பகிர்ந்துகொள்வோம்’ என்று உருகினார்கள். சட்டை விலை ஏறிய காலத்தில் பங்காளி உறவு அவர்களுக்கு நினைவில் இருந்ததா என்று கேட்பது மரியாதையல்ல. இப்போதைக்கு, எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பதை மட்டும் உடனே தெரிவிக்கவும்.